பிட்யூட்டரிக் கட்டிகளில் இயல்பு பிறழ்ந்தவை: அவற்றின் பரவலும் போக்கும்

பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி தோன்றுதல் மிக அரிய நிகழ்ச்சி என்னும் எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமன்றிச் சுகாதாரப் பணியாளரிடையேயும் பரவியுள்ளது. அது சரியன்று. வேறு காரணங்களால் இறந்தோரின் சடலங்களைச் சோதித்தும், வேறு நோய்க்காகத் தலையில் படம் எடுக்கப்பட்டோரின் படங்களை ஆராய்ந்தும் வெளியான பல அறிக்கைகளை ஒருங்கே தொகுத்த கணக்கு ஒன்று 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சடலச் சோதனைகளில் நூற்றுக்கு 14.4 பேரிடமும், படங்களில் நூற்றுக்கு 22.5 பேரிடமும் இச்சுரப்பியில் கட்டி காணப்பட்டதாக அது கூறுகிறது. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டரினும் சிறியவை. உடையவருக்கு யாதொரு தொல்லையும் தராமல், ஆயுள் முழுதும் அறியப்படாமலே இருந்துவிடுபவை.

தொல்லை தந்து மருத்துவரிடம் கொண்டுசேர்க்கும் கட்டிகளின் கணக்கு வேறு. பெல்ஜியம் நாட்டின் லியேழ் மாகாணத்தில் 71,972 மக்கள் வாழும் பகுதியை எடுத்துக்கொண்டு, அங்குள்ள மருத்துவர்களின் துணையோடு ஒவ்வொரு நோயாளியாகத் தேடிக் கணக்கெடுத்தபோது 68 பேர் கிடைத்தனர். 2006ஆம் ஆண்டில் வெளிவந்த இக்கணக்கின்படி ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவர். அதுவரை கருதப்பட்டதைவிட இது பன்மடங்கு அதிகம். இங்கிலாந்தின் பான்பரி என்னும் ஊரில் எடுக்கப்பட்டு 2010இல் வெளியான கணக்கு ஓர் இலட்சம் பேருக்குச் சுமார் 78 என்று காட்டியது. இவ்விகிதம் நம் நாட்டுக்கும் பொருந்துமாயின், சமவெளியில் 30,000 மக்களுக்கு அமைக்கப்படும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டவர்கள் இந்நோயுடன் இருத்தல் வேண்டும். அவர்களுள் எத்தனை பேர் இனங்காணப்பட்டுள்ளனர் என்பதை அந்தந்த நிலையத்தின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து அறியலாம்.

இத்தனை கட்டிகளுள் தீவிரமாக வளர்பவை எவை, அவை எத்தனை, அவற்றை முன்கூட்டியே அறிய இயலுமா என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படும் வினாக்கள்.

சுரப்பியும் அதன் அயலும்

பிட்யூட்டரி, மூளையின் அடிப்புறத்தில், மூக்குக் குடைவுக்குப் பின்னும் மேலுமாக உள்ள சிறியதோர் எலும்புக் குழியில் அமைந்தது. குழியின் வடிவம் குதிரைச் சேணத்தை ஒத்திருப்பதால் உடற்கூற்று நூலோர் அதனைத் துருக்கிச் சேணம் என்பர். சுரப்பியின் பருமன் ஒரு பட்டாணியளவு. எடை அரைக் கிராமைச் சற்றே மிஞ்சும். எனினும் உடல் வளர்ச்சி, தைராய்டு, அட்ரினல், இனப்பெருக்க உறுப்புகள், தாய்ப்பால் சுரத்தல், சிறுநீரில் நீர் கழியும் அளவு ஆகிய யாவும் இதன் ஆணைக்கு உட்பட்டவை.

கட்டியின் விளைவுகளைப் புரிந்துகொள்ள இவ்விடத்தின் அமைப்பை அறிதல் இன்றியமையாதது. சுரப்பிக்கு மேலே, இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் சந்தி உள்ளது. இரு பக்கங்களிலும் கேவர்னஸ் சைனஸ் எனப்படும் சிரைக் குழிகள் உள்ளன. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனியும் கண்விழியை அசைக்கும் நரம்புகளும் அக்குழிகளின் ஊடே செல்கின்றன. ஆதலால் இங்குத் தோன்றும் கட்டி, தன் இயல்பில் தீங்கற்றதாயினும், இடத்தின் நெருக்கத்தால் பார்வையைக் கெடுக்கவும், அறுவை மருத்துவரின் கைக்கு எட்டாத மூலையில் புகுந்துகொள்ளவும் கூடும்.

பெரும்பான்மையான கட்டிகள் முன்மடலின் உயிரணுக்களிலிருந்து எழும் அடினோமா என்னும் சுரப்பிக் கட்டிகள். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தவை சிறுகட்டிகள். அதற்கு மேற்பட்டவை பெருங்கட்டிகள். நான்கு சென்டிமீட்டரை எட்டியவை பூதக்கட்டிகள். சில கட்டிகள் ஹார்மோனை மிகுதியாகச் சுரந்து தம்மைக் காட்டிக்கொடுக்கும். வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தால் கை கால்களும் தாடையும் பருக்கும். 1886இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் மாரி விவரித்த அக்ரோமெகலி என்னும் நோய் இதுவே. பாலூட்டு ஹார்மோனாகிய புரோலாக்டின் மிகுந்தால் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும். பிள்ளைப்பேறு இன்றியே பால் கசியும். லியேழ் கணக்கில் மூன்றில் இரு பங்கு நோயாளிகள் இவ்வகையினரே. வேறு சில கட்டிகள் எதையும் சுரவாமல், அல்லது சுரந்தும் அறிகுறி காட்டாமல், பார்வை மங்கும் வரை மறைந்தே வளரும்.

‘இயல்பு பிறழ்ந்தவை’ என்னும் வகுப்பு

அடினோமாக்களுள் பெரும்பாலானவை மெல்ல வளர்பவை, அறுவைக்குப்பின் அடங்குபவை. சில அவ்வாறன்றி எலும்பையும் சவ்வையும் துளைத்துப் பரவி, அகற்றிய சில மாதங்களுக்குள் மீண்டும் தலைதூக்குகின்றன. இவற்றை நுண்ணோக்கியின் கீழேயே இனம்பிரிக்கும் நோக்கத்துடன் உலக சுகாதார ஸ்தாபனம் 2004ஆம் ஆண்டில் பிட்யூட்டரிக் கட்டிகளை மூவகையாக்கிற்று: இயல்பான அடினோமா, இயல்பு பிறழ்ந்த அடினோமா, புற்று. மூன்றாவது வகைக்கு ஐயத்துக்கிடமில்லாத வரையறை இருந்தது. மூளையிலோ தண்டுவடத்திலோ உடலின் பிற உறுப்பிலோ தொடர்பறுந்து தனியே கட்டி முளைத்திருந்தாலன்றிப் புற்று என்று சொல்லலாகாது. இடர்ப்பாடு முழுதும் நடு வகையைப் பற்றியதே.

அவ்வகைக்கு உரியனவாகச் சொல்லப்பட்ட அடையாளங்கள் சில. அண்டைப் பகுதிகளில் ஊடுருவி வளர்தல். பிளவுபடும் உயிரணுக்கள் மிகுந்திருத்தல். கி-67 என்னும் குறியீடு நூற்றுக்கு 3ஐத் தாண்டுதல். பி-53 என்னும் புரதம் உயிரணுக் கருக்களில் பரவலாகச் சாயமேற்றல். கி-67 என்பது பிளவுபடும் சுழற்சியில் உள்ள உயிரணுவின் கருவில் காணப்பட்டு, ஓய்விலுள்ள உயிரணுவில் காணப்படாத ஒரு புரதம். அதனை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருள் ஜெர்மனியின் கீல் நகரில் உருவாக்கப்பட்டது. நகரின் பெயரின் முதலெழுத்துகளும், சோதனைத் தட்டில் அது கிடைத்த 67ஆம் குழியின் எண்ணும் சேர்ந்து அப்பெயர் அமைந்தது. நூறு உயிரணுக்களை எண்ணி அவற்றுள் எத்தனை சாயமேற்றுள்ளன என்று காண்பதே குறியீடு. 3 என்னும் எல்லை, 1996இல் வெளியான ஓர் ஆய்வில், ஊடுருவும் கட்டிகளையும் ஊடுருவாதவற்றையும் பிரித்துக் காட்டியதிலிருந்து வந்தது.

கூர்ந்து நோக்கினால் இவ்வரையறையின் தளர்ச்சி புலப்படும். பிளவுபடும் உயிரணுக்கள் எத்தனை இருந்தால் மிகுதி என்பதற்கு எண் தரப்படவில்லை. ‘பரவலாக’ என்பதன் அளவு யாது என்றும் கூறப்படவில்லை. அடையாளங்கள் யாவும் ஒருங்கே இருத்தல் வேண்டுமா, ஒன்றிரண்டு போதுமா என்பதும் அவரவர் முடிவுக்கு விடப்பட்டது. இத்தகைய அளவுகோலைக் கொண்டு நாடெங்கும் கணக்கெடுத்தால் நேர்வது என்ன என்பதை அடுத்த சில ஆண்டுகளில் வெளிவந்த அறிக்கைகள் காட்டின.

நூற்றுக்குப் பதினைந்தா, மூன்றிலும் குறைவா?

2011இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. மூக்கின் வழியே அறுவை செய்யப்பட்ட 121 நோயாளிகளுள் 18 பேரின் கட்டிகள், அதாவது நூற்றுக்கு 15, இயல்பு பிறழ்ந்தவை என முடிவாயின. அப்பதினெட்டில் 17 பெருங்கட்டிகள். 15 கட்டிகள் அண்டைப் பகுதிகளில் படர்ந்திருந்தமை படங்களில் தெரிந்தது. ஆனால் அதற்கு நான்காண்டு முன்னதாக, 2007இல், ஜெர்மானியப் பிட்யூட்டரிக் கட்டிப் பதிவேடு தன் பத்தாண்டு அனுபவத்தை வெளியிட்டிருந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கொண்ட அப்பதிவேட்டில் இயல்பு பிறழ்ந்தவை நூற்றுக்கு 2.7 மட்டுமே, புற்று 0.12. ஒரே வரையறையின் பெயரால் எடுக்கப்பட்ட இரு கணக்குகளுக்கிடையே ஐந்து மடங்குக்கு மேல் வேறுபாடு.

ஜெர்மானியரின் கட்டிகள் சாதுவானவை, அமெரிக்கரின் கட்டிகள் முரடானவை என்று எவரும் கொள்ளமாட்டார். வேறுபாட்டின் காரணங்களை வேறிடத்தில் தேட வேண்டும். அவற்றுள் சில நம் நாட்டுக் கணக்குகளைப் படிக்கும்போதும் நினைவிற்கொள்ளத் தக்கவை.

முதற்காரணம், மேற்சொன்ன அளவுகோலின் தளர்ச்சி. இரண்டாவது, எண்ணும் முறை. கட்டியின் எல்லாப் பகுதிகளிலும் உயிரணுக்கள் ஒரே வேகத்தில் பிளவுபடுவதில்லை. சாயம் மிகுந்த இடத்தைத் தேர்ந்து எண்ணுபவருக்கு 4 கிடைக்கலாம். பல இடங்களை எண்ணிச் சராசரி காண்பவருக்கு அதே கட்டியில் 2 கிடைக்கலாம். சாயமேற்றும் முறையும் கூடத்துக்குக் கூடம் மாறும். 3 என்னும் எல்லைக்கு அருகில் நிற்கும் கட்டிகளுக்கு இவ்வேறுபாடே தலைவிதியை எழுதிவிடுகிறது. மூன்றாவது, ஊடுருவல் பற்றியது. நோய்க்குறி ஆய்வாளருக்குக் கிடைப்பன பெரும்பாலும் உறிஞ்சியும் சுரண்டியும் எடுக்கப்பட்ட கட்டியின் துணுக்குகள். சவ்வும் எலும்பும் உடன் வருவதில்லை. ஊடுருவலை அவர் காண்பது எங்ஙனம்? அது எம்.ஆர்.ஐ. படத்திலும் அறுவை மருத்துவரின் கண்ணுக்குமே தெரிவது. வியன்னாவைச் சேர்ந்த நாஸ்ப் என்பார் 1993இல் வகுத்த படிமுறை, கட்டி பக்கத்துச் சிரைக் குழிக்குள் எவ்வளவு நுழைந்துள்ளது என்பதைத் தமனியை எல்லையாகக் கொண்டு 0 முதல் 4 வரை மதிப்பிடுகிறது. இம்மதிப்பு நோய்க்குறி ஆய்வாளரின் மேசைக்கு வந்து சேராத மருத்துவமனைகள் பல.

நான்காவது காரணம் எளிதில் கண்ணுக்குத் தப்புவது. அறுவைக்கு வரும் கட்டிகள் எல்லாக் கட்டிகளுக்கும் பிரதிநிதிகள் அல்ல. புரோலாக்டின் சுரக்கும் கட்டிகள் பெரும்பாலும் காபர்கோலின் மாத்திரையாலேயே சுருங்கிவிடுகின்றன. அவை கத்தியையும் காண்பதில்லை, நுண்ணோக்கியையும் காண்பதில்லை. அறிகுறியற்ற சிறுகட்டிகளும் அவ்வாறே. மறுபுறம், பிற இடங்களில் கைவிடப்பட்ட கடினமான நோயாளிகள் பெரிய மருத்துவமனைகளை நாடிச் சேர்கின்றனர். ஆகவே ஒரு பெரிய மருத்துவமனை தன் அறுவைக் கணக்கில் நூற்றுக்கு 15 என்று சொன்னால், அதனை ஊரிலுள்ள பிட்யூட்டரி நோயாளிகள் அனைவருக்கும் விரித்துரைத்தல் தவறாகும். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லையிலுள்ள இருபது முப்பது பேருள் அறுவைக்குச் செல்வோர் சிலரே. அவர்களுள் இவ்வகுப்பில் சேர்பவர் ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

2017ஆம் ஆண்டின் மாற்றம்

எண்ணிக்கையில் ஒற்றுமையின்மை மட்டுமே குறையாக இருந்திருப்பின் அளவுகோலைத் திருத்தியிருக்கலாம். அதனினும் பெரிய குறை ஒன்று வெளிப்பட்டது. இயல்பு பிறழ்ந்தது என்று முத்திரையிடப்பட்ட கட்டிகளுட் பல அறுவைக்குப்பின் அடங்கியே இருந்தன. இயல்பானவை என்று அனுப்பப்பட்ட சில, சிரைக் குழிக்குள் மிச்சம் நின்று மீண்டும் வளர்ந்தன. எதிர்காலத்தை உரைப்பதற்கென ஏற்பட்ட பெயர் அதனை உரைக்கவில்லை. ஆதலால் 2017இல் வெளியான நான்காம் பதிப்பில் உலக சுகாதார ஸ்தாபனம் அப்பெயரையே விட்டுவிட்டது. கட்டி எந்த உயிரணுப் பரம்பரையில் தோன்றியது என்பதைத் திட்டமாக எழுத வேண்டும். பிளவுபடும் உயிரணுக்களையும் கி-67 குறியீட்டையும் எண்ணாகக் குறிக்க வேண்டும். ஊடுருவலைத் தனியே கூற வேண்டும் என்பதே புதிய ஏற்பாடு. 2022ஆம் ஆண்டின் பதிப்பு இன்னும் ஒரு படி சென்று, அடினோமா என்பதற்குப் பதிலாகப் பிட்யூட்டரி நரம்புச் சுரப்புக் கட்டி என்றும், புற்று என்பதற்குப் பதிலாகத் தொலைபரவிய பிட்யூட்டரி நரம்புச் சுரப்புக் கட்டி என்றும் பெயரிட்டது. இப்பெயர் மாற்றத்தால் தீங்கற்ற சிறுகட்டி உடையவரும் புற்றுநோயாளி என எண்ணி அஞ்சுவர் என்று மறுத்த மருத்துவரும் உளர். அம்மறுப்பைப் பொருளற்றதென்று தள்ளிவிடுவதற்கில்லை.

போக்கினை அறிவிப்பன எவை?

ஊடுருவலும் பெருகும் வேகமும் தனித்தனியே சொல்வது சிறிது. இரண்டும் சேர்ந்து சொல்வது பெரிது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 410 நோயாளிகளை எட்டாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு விளக்குகிறது. ஊடுருவாததும் பெருகும் அறிகுறி அற்றதுமான கட்டியோடு ஒப்பிட, ஊடுருவியும் பெருகியும் உள்ள கட்டி எட்டாண்டின் முடிவில் உடலில் எஞ்சியிருக்கும் வாய்ப்பு 25 மடங்கு. மேலும் வளரும் வாய்ப்பு 12 மடங்கு. படமும் நுண்ணோக்கியும் ஒரே தாளில் சேர்த்து எழுதப்பட்டதே இவ்வாய்வின் சிறப்பு.

கட்டியின் குலமும் ஓரளவு போக்கினைக் காட்டும். 2017ஆம் ஆண்டுப் பதிப்பு தனிக் கவனத்துக்கு உரியவையாகச் சிலவற்றைச் சுட்டியது: ஆண்களிடம் தோன்றும் புரோலாக்டின் கட்டி, துகள்கள் அருகிய வளர்ச்சி ஹார்மோன் கட்டி, அட்ரினலைத் தூண்டும் குலத்தைச் சேர்ந்திருந்தும் அறிகுறி காட்டாத மௌனக் கட்டி, குரூக் உயிரணுக் கட்டி, பல ஹார்மோன்களை ஒருங்கே காட்டும் ஒரு வகை. இவற்றுள் முதலாவது களப்பணியாளரின் சிந்தனைக்கு உரியது. மாதவிடாய் நின்றால் பெண் மருத்துவரைத் தேடுகிறாள். ஆணுக்கு அத்தகைய மணி அடிப்பதில்லை. ஆண்மைக் குறைவை வெளியே சொல்ல நாணி, பார்வை மங்கிய பின்னரே அவன் வருகிறான். கட்டியின் இயல்பு ஒரு பங்கும், இத்தாமதம் ஒரு பங்குமாகச் சேர்ந்தே ஆண்களின் கட்டி பெரிதாகக் காணப்படுகிறது.

தீவிரக் கட்டி என்று இன்று மருத்துவர் கூறுவது நுண்ணோக்கியால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. படத்தில் ஊடுருவல் தெரிந்து, வளர்ச்சி வழக்கத்துக்கு மாறான வேகத்தில் இருப்பினும், அல்லது அறுவை, மருந்து, கதிர்வீச்சு ஆகியவற்றை முறைப்படி அளித்தும் கட்டி அடங்காது வளரினும் அது தீவிரமானது என்று ஐரோப்பிய உட்சுரப்பியல் கழகத்தின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. இத்தகையோருக்கு முதலில் அளிக்கத்தக்க வேதி மருந்து டெமோசோலோமைடு. மூளைப் புற்றுக்கு வழங்கிவந்த இம்மாத்திரை பிட்யூட்டரிக் கட்டிக்குப் பயன்பட்டமை 2006இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. அக்கழகம் திரட்டிய 166 நோயாளிகளின் விவரப்படி, மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 37 பேரின் கட்டி சுருங்கியது. சேதமுற்ற மரபுப் பொருளைச் செப்பனிடும் ஒரு நொதி கட்டியில் குறைந்திருப்பின் பயன் மிகுதி என்றும் தெரிகிறது.

உண்மையான புற்று ஆயிரத்துக்கு ஒன்றிரண்டே. அது பெரும்பாலும் புதிதாக எழுவதன்று. பன்முறை அறுவை செய்தும் அடங்காத கட்டி, பல ஆண்டுகளுக்குப் பின் தொலைவிடத்தில் முளைப்பதே வழக்கம்.

களத்திலும் பள்ளியிலும் கவனிக்கத்தக்கவை

பார்வைச் சந்தியைக் கட்டி கீழிருந்து அழுத்தும்போது முதலில் மறைவது இரு கண்களிலும் வெளிப்புறப் பார்வை. நேரே உள்ளதை நோயாளி தெளிவாகக் காண்பார். எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கூடப் படித்துவிடுவார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வதும், பக்கத்தில் வரும் வண்டியைக் காணாது விலகாமல் நிற்பதுமே அடையாளம். எழுத்துப் பலகை கொண்டு மட்டும் கண் சோதனை நடைபெறும் பள்ளிகளில் இது தப்பிவிடும். இதனைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் ஒரு மீட்டர் இடைவெளியில் நேருக்கு நேர் அமர்க. சோதிக்கப்படுபவர் இடக் கண்ணை மூட, சோதிப்பவர் தம் வலக் கண்ணை மூடி, இருவரும் ஒருவர் திறந்த கண்ணை மற்றவர் நோக்கியிருத்தல் வேண்டும். இருவருக்கும் நடுவேயுள்ள தளத்தில், விரலை அசைத்தவாறு காதுப்புறத்திலிருந்து மெல்ல உள்ளே கொணர்க. சோதிப்பவர் விரலைக் கண்ட பின்னும் வெகுநேரம் மற்றவர் காணாதிருப்பின், மறு கண்ணையும் சோதித்து, உடனே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

சிறுவரிடம் அடினோமா அரிது. எனினும் இரண்டாண்டாக உயரம் கூடாத குழந்தைக்குத் தலைவலியும் பார்வைக் குறைவும் இருப்பின், இதே இடத்தில் தோன்றும் கிரானியோபாரிஞ்சியோமா என்னும் வேறொரு கட்டியை ஐயுற வேண்டும். ஆசிரியர் வைத்திருக்கும் உயரப் பதிவு இங்குப் பெரிதும் உதவும்.

படத்தில் பிட்யூட்டரி பருத்துத் தெரிவதெல்லாம் கட்டியன்று. தைராய்டுச் சுரப்பு நெடுநாள் குறைந்திருப்பின் பிட்யூட்டரி ஈடுசெய்ய முயன்று பருக்கும். தைராக்சின் மாத்திரையால் அது தானே சுருங்கும். தைராய்டுச் சோதனை செய்யாமல் அறுவைக்கு நாள் குறித்தல் ஆகாது. வாந்திக்காகக் கடைகளில் தாராளமாக விற்கப்படும் டோம்பெரிடோன் போன்ற மருந்துகளும், சில மனநோய் மருந்துகளும் புரோலாக்டின் அளவை உயர்த்திக் கட்டி இருப்பதாக மயக்கும். மருந்துச் சீட்டைக் கேட்டுப் பார்த்தல் முதற்கடமை.

கட்டிக்குள் திடீரென இரத்தம் கசிவது அவசர நிலை. இடியென வரும் தலைவலி, வாந்தி, இமை சரிதல், இரட்டைத் தோற்றம், சில மணி நேரத்தில் பார்வை குன்றுதல் ஆகியவை கூடினால் மூளைக்காய்ச்சல் என்றே பலரும் கருதுவர். இரத்த அழுத்தம் தாழ்ந்திருப்பின் அட்ரினல் சுரப்பு அற்றுவிட்டது என்று ஊகித்து, மருத்துவர் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியைத் தாமதமின்றிச் செலுத்துவார்.

2004க்கும் 2017க்கும் இடையே அறுவை செய்துகொண்டவர் சிலரின் அறிக்கையில் ‘இயல்பு பிறழ்ந்த அடினோமா’ என்னும் சொல் இன்றும் இருக்கும். அதனைப் புற்று என்று தாமே பொருள்கொண்டு அச்சத்தில் வாழ்வோரும் உண்டு. மறுபுறம், ‘இயல்பான அடினோமா’ என்றிருப்பதால் இனிப் படம் எடுக்க வேண்டியதில்லை என நின்றுவிட்டவரும் உண்டு. இருவரும் தங்கள் பழைய படங்களையும், கிடைக்குமாயின் சாயமிட்ட கண்ணாடித் தகடுகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் மீண்டும் செல்வது நன்று. ஊடுருவல் இருந்ததா, எச்சம் நின்றதா, எண்ணிக்கை எவ்வளவு என்னும் மூன்றையும் வைத்து அடுத்த படம் எப்போது என்பதை அவர் முடிவு செய்வார்.

அறுவைக்குப்பின் ஸ்டீராய்டு மாத்திரை உண்போர் அதனை ஒரு நாளும் நிறுத்தலாகாது. காய்ச்சலின்போது அளவை இரட்டிக்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. வாந்தியால் மாத்திரை தங்காவிடில் ஊசி மூலம் பெற வேண்டும். மருந்தின் பெயர், அளவு, அறுவை செய்த மருத்துவமனை ஆகியவற்றை எழுதிய சீட்டை நோயாளி சட்டைப் பையிலேயே வைத்திருக்குமாறு களப்பணியாளர் ஏற்பாடு செய்தல் வேண்டும். வீட்டிலுள்ளோருக்கும் அதன் பயனை விளக்கிச் சொல்லுதல் நலம்.